ஏ9 வீதியோரம் தெரியும் அந்தக் கட்டடங்கள்: வன்னிப் பிள்ளைகளுக்கும் விவசாய பீடத்துக்கும் என்ன தொடர்பு?

வரம்போரம் | ஞாயிறு, இரவு 8.50

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் ஒரு பாடசாலையில் விவசாயம் படிப்பிக்கிறேன். பாடசாலையின் பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று பஸ், மழை பெய்தால் இரண்டு என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கிவிடும்.

போன கிழமை பத்தாந்தரத்தில் பாடம் முடிய ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. "கிளிநொச்சிக்குப் போகும்போது அறிவியல் நகரில் பெரிய கட்டடங்கள் தெரிகின்றனவே, அவை என்ன?" என்று கேட்டேன். முதல் பதில், "இராணுவ முகாம், சேர்." இரண்டாவது, "ஆஸ்பத்திரி." பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் "கம்பஸ்" என்றாள். அவளுடைய மாமா அங்கே மேசன் வேலை செய்தவராம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில்தான் தொடங்கியது. போர் அதை யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்த்தது. நாங்கள் எல்லோரும் சட்டி பானையோடு ஊர் திரும்பியதைப் போல அதுவும் பிறகு திரும்பி வந்தது. இப்போது பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் அதற்கு அயலிலேயே இருக்கின்றன. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிற தகப்பனின் மகனுக்கு, நெல்லைப் பற்றி ஆராய்கிற இடம் பஸ் போகும் தூரத்தில் இருப்பது தெரியவில்லை.

கூட்டிப்போகவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் உயர்கல்வி நிறுவனத்துக்குக் கூட்டிப்போனேன். எது என்று கேட்காதீர்கள். மண்டபத்தில் இருத்தி ஒன்றரை மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள், முழுவதும் ஆங்கிலத்தில். சோற்றுப் பொதி நன்றாக இருந்தது. திரும்பும்போது "என்ன பார்த்தாய்?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "மயில், சேர்" என்றாள். எங்கள் ஊரில் இல்லாத மயிலா?

எனக்கு அந்த மாதிரி ஒரு நாள் சுற்றுலா வேண்டாம். வருடம் முழுவதும் ஓடுகிற ஒரு தொடர்பு வேண்டும். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பனிமூட்டம் | ஞாயிறு, இரவு 10.15

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், சொந்த இடம் புதுக்குடியிருப்பு. வாசிக்கக் கவலையாக இருக்கிறது. எங்கள் ஊர்ச் சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஒரு திறன் வகுப்பறை போட்டுத் தரலாம். அல்லது வயலைப் படம் எடுக்க ஒரு டுரோன் அனுப்பலாம். இப்போது விவசாயம் எல்லாம் அப்படித்தானே நடக்கிறது.

தட்டிவான் | ஞாயிறு, இரவு 10.22

டுரோன் வந்து சேரும். அதைப் பறக்கவிட அனுமதி வந்து சேராது. அதிபரின் அலுமாரியில், போன சங்கம் தந்த நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார்கள். திறப்பு இடமாற்றம் பெற்றுப் போன ஆசிரியரிடம் இருக்கும்.

மூன்றாம் வாய்க்கால் | திங்கள், காலை 5.40

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் செய்கிறேன். இதை மகன்தான் தட்டித் தருகிறான்.

வாத்தியார் கேட்பது நல்ல கேள்வி. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஆய்வு என்று சொல்லி எங்கள் வரம்புக்கு வராத ஆள் இல்லை. தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். எத்தனை மூட்டை விளைந்தது, எவ்வளவு கடன், எந்தக் கிருமிநாசினி, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கட்டுக் கடதாசி நிரப்புவார்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று சொல்ல இந்த வருடம்வரை ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது எரிந்து மஞ்சளாகிப் போன வயலில் நான் தனியாகத்தான் நின்றேன்.

இன்னொன்று. என் மகன் உயர்தரம் படிக்கிறான். விவசாயம் செய்ய வேண்டும் என்றால் வயல் இங்கேயே கிடக்கிறது, அதற்கு நான்கு வருடம் ஏன் படிக்க வேண்டும்? சேற்றிலிருந்து ஏற்றத்தான் அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன்.

குடலைப்பருவம் | திங்கள், இரவு 7.30

ஐயா, கடதாசிக் கட்டோடு வந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் இல்லை, கண்டாவளைப் பக்கம். இறுதி ஆண்டு ஆய்வுக்காக அறுபது வீடுகள் ஏறி இறங்கினேன். புத்தகம் கட்டிக் கொடுத்தேன், பட்டம் கிடைத்தது. அந்த அறுபது வீடுகளில் ஒன்றுக்கும் திரும்பிப் போகவில்லை. நீங்கள் எழுதியதை வாசித்தபோது நாற்காலியில் இருக்க முடியவில்லை. இப்போது ஆய்வு உதவியாளராக இருக்கிறேன்.

பசளை விடயத்தில் மட்டும் ஒரு சொல். விவசாய விஞ்ஞானிகள் பலர் அப்போதே இது ஆகாது என்று எழுத்தில் எச்சரித்தார்கள், மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. அந்த எச்சரிக்கை உங்கள் வரம்புவரை வந்து சேராதது எங்கள் குற்றம்தான்.

வரம்போரம் சேர், வெளியில் அதிகம் தெரியாத ஒரு விடயம் சொல்கிறேன். விவசாயப் பட்டம் நான்கு வருடம். கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஓர் ஆய்வு இருக்கிறது. பயிரியல், விவசாய உயிரியல், இரசாயனம், பொருளியல், பொறியியல், விலங்கு விஞ்ஞானம் என்று ஆறு துறைகள். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் அரச அலுவலுக்குக் கச்சேரிக்கு அலைவது போல வயல் தேடி அலைகிறார்கள். பீடத்து வளவுக்குள் ஒரு மண், ஒரு தண்ணீர்தான் இருக்கிறது. உங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது வயல், முப்பது மண். எங்களுக்கு வயல் இல்லை, உங்களுக்கு ஆய்வுகூடம் இல்லை. கொடுக்கல் வாங்கல் அங்கேதான் இருக்கிறது. மண்டபத்தில் படம் காட்டுவது அல்ல.

வரம்போரம் | திங்கள், இரவு 9.05

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன கொடுக்கல் வாங்கலை ஒருமுறை முயன்று பார்த்து மானம் போனது.

போன வருடம் ஒன்பது பிள்ளைகளிடம் அவரவர் வயல் மண்ணைக் கொண்டுவரச் சொன்னேன். புத்தகத்தில் உள்ளபடியே சொல்லிக் கொடுத்தேன். வயலைக் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துப் பன்னிரண்டு இடத்தில், மண்வெட்டியால் கோடாலி வாய் போல வெட்டி, ஆறு அங்குல ஆழத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டை வீசி, மறுபடி கலந்து பிரித்து, கடைசியில் அரைக்கிலோ மிஞ்ச வேண்டும். நிழலில் காயவிட வேண்டும். பிள்ளைகள் அச்சொட்டாகச் செய்தார்கள். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்தவர் முதல் பையை அவிழ்த்தார். மண்ணைப் பார்க்கவில்லை, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதில் கட்டியிருக்கிறீர்கள், மாஸ்டர்?" என்றார். ஒன்பதும் யூரியாப் பையை வெட்டித் தைத்த சிறு பைகள். அம்மாமார் கழுவிக் காயவைத்துக் கொடுத்தவை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கழுவினாலும் தையலுக்குள் நாலு யூரியா மணி இருந்தால் போதும், அந்த மண்ணின் நைதரசன் கணக்குக்கு ஒரு மதிப்பும் இல்லை. அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் ஒன்பது பையும் குப்பைக்குப் போயின.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருக்க, ஒருபோதும் வாய் திறக்காத ஒருவன் எழும்பினான். "சேர், அந்தப் பையில்தானே வீட்டில் விதைநெல் கட்டி வைக்கிறோம். அதுக்கு ஒன்றும் ஆகாதா?"

நான் பத்தொன்பது வருடம் படிப்பிக்கிறேன். புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றை ஒரு பிள்ளை கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பதில் தெரியவில்லை.

குடலைப்பருவம் | திங்கள், இரவு 9.31

யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பைக்குள் மிச்சம் இருந்தால், உள்ளே பொலித்தீன் உறையும் இருந்தால், ஈரம் வெளியேற வழியில்லை. ஈரம் கூடிய விதைநெல் முளைதிறனை இழக்கும், பூஞ்சணம் பிடிக்கும். எவ்வளவு இழக்கும் என்பதை அந்தத் தம்பியே பார்க்கலாம். யூரியாப் பையில் கிடந்த நெல்லில் நூறு மணி, சணல் சாக்கில் கிடந்த அதே நெல்லில் நூறு மணி. ஈரத் துணியில் சுருட்டி வைத்து ஒரு கிழமை கழித்து முளைத்ததை எண்ணட்டும். நாலு முறை திருப்பிச் செய்யட்டும். எண்ணிக்கையை எனக்கு அனுப்பட்டும்.

அவனிடம் கேள்வி எங்கள் பக்கத்தில் இருந்து வந்தது என்று சொல்லாதீர்கள். அது அவனுடைய கேள்வி.

பாலைமரம் | செவ்வாய், காலை 11.10

நான் விதைநெல் நிறுவனம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். மேலே எல்லோரும் பட்டம் பட்டம் என்று எழுதுகிறீர்கள், கொஞ்சம் கோபமும் வருகிறது.

எங்கள் பாடசாலையில் சாதாரண தரம் வரைதான். உயர்தர விஞ்ஞானம் 1ஏபி பாடசாலையில்தான் இருக்கும், அது எங்களுக்கு இருபத்தெட்டுக் கிலோமீற்றர். போனேன். இரசாயனவியலுக்கு ஆசிரியர் வந்தது பதின்மூன்றாந்தரத்தின் இரண்டாம் தவணை. மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி எட்டவில்லை. மூன்று முறை எழுதலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்னும் இரண்டு வருடம் வீட்டில் இருத்தி வைத்துச் சோறு போட அம்மாவால் முடியாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. வவுனியாவில் விவசாயத் திணைக்களத்தின் இலங்கை விவசாயக் கல்லூரி இருப்பதை எனக்குச் சொன்னவர் ஒரு விவசாயப் போதனாசிரியர், அதுவும் கமநல சேவை நிலையத்தில் மானியப் படிவத்துக்கு வரிசையில் நின்றபோது தற்செயலாக. இரண்டு வருட டிப்ளோமா. அங்கே படித்ததில்தான் இன்றைக்குச் சாப்பிடுகிறேன்.

தேசிய தொழிற்தகைமை ஏழு படிகள் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கீழ்ப்படியில் ஏறினவரும் இரத்மலானையில் உள்ள தொழிற்பயிற்சிப் பல்கலைக்கழகம்வரை போகலாம். அறிவியல் நகரிலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, உணவுத் தொழினுட்பமும் அங்கே உண்டு. கச்சானும் உழுந்தும் விளைகிற மாவட்டத்தில் உணவுத் தொழினுட்பம் படித்தவர் சும்மா இருக்க மாட்டார்.

வாய்க்கால் ஐயாவுக்கும் ஒன்று. ஆய்வு உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்கிறீர்கள். உங்கள் விதைநெல் பையைப் பாருங்கள். பிஜி என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, நெல் ஆராய்ச்சி நடக்கும் ஊர்கள். பிஜி 300 மூன்று மாத நெல், பிஜி 352ம் ஏ.ரி. 362ம் மூன்றரை மாதம், பிஜி 403 நாலு மாதம். வயது எண்ணிலேயே இருக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் பல வருட ஆய்வு இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் வாய்க்கால் | செவ்வாய், இரவு 8.20

முப்பது வருடமாக விதைக்கிறேன். பிஜி என்றால் ஏதோ கம்பனியின் பெயர் என்று நினைத்திருந்தேன். இதை என் மகனுக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுக்கவில்லையாம். வாத்தியார்மார் கவனிக்க.

கச்சான்தோட்டம் | புதன், மாலை 4.45

வணக்கம். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பெண் பிள்ளை. எனக்கு விவசாயம் விருப்பம், வீட்டில் கச்சான், உழுந்து, கொஞ்சம் வயல். அம்மா கலைப் பிரிவு எடுக்கச் சொல்கிறார், ஏனென்றால் அது பக்கத்துப் பாடசாலையிலேயே இருக்கிறது. உயிரியல் என்றால் கிளிநொச்சியில் விடுதியில் நிற்க வேண்டும். சித்தப்பா தொழினுட்பப் பிரிவு இலேசு என்கிறார். எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கலை எடுத்துவிட்டுப் பிறகு விவசாய பீடத்துக்குப் போகலாமா? எனக்கு ஆங்கிலம் வராது.

குடலைப்பருவம் | புதன், இரவு 8.00

தங்கச்சி, நீ கேட்டதுதான் இந்த இழையிலேயே பெறுமதியான கேள்வி. கேட்க வேண்டிய நேரத்திலும் கேட்டிருக்கிறாய். பதின்மூன்றாந்தரத்தில் கேட்கிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கலை எடுத்தால் விவசாய விஞ்ஞானப் பட்டத்துக்கான கதவு மூடிவிடும். பிறகு திறக்காது. கலை கூடாது என்று சொல்லவில்லை, உனக்கு விருப்பமான இடத்துக்கு அந்தப் பாதை போகாது.

உயிரியல் பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும் இருக்கும். மூன்றாவது பாடமாகப் பௌதிகவியலோ விவசாய விஞ்ஞானமோ எடுக்கலாம். விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, அதை இப்போதே தெரிந்துகொண்டு எடு. விவசாயப் பட்டத்துக்கு யாழ்ப்பாணம் மட்டுமல்ல, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனை, ருகுணை, ரஜரட்டை, வயம்ப, சப்ரகமுவ எல்லாம் இருக்கின்றன.

சித்தப்பா சொன்ன தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. இலேசு என்பது பொய், வேறு என்பது உண்மை. உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக விவசாய விஞ்ஞானம் போன்ற ஒன்று. அதில் சித்தியடைந்தால் கிளிநொச்சியில் உள்ள தொழினுட்ப பீடத்தில் உயிர்முறைமைத் தொழினுட்பப் பட்டம் படிக்கலாம். செயல்முறை அதிகம். உனக்குக் கையால் செய்து பார்ப்பது பிடிக்கும் என்றால் அதையும் யோசி.

இசட் புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 மாவட்டச் சனத்தொகைப்படி, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறு மாவட்டங்களில் வடக்கின் ஐந்தும் அடக்கம். ஆகவே நீ கொழும்புப் பிள்ளையோடு மட்டும் ஓடவில்லை, உன் மாவட்டப் பிள்ளைகளோடும் ஓடுகிறாய். ஆனால் உன்னை எந்த மாவட்டத்தில் சேர்ப்பார்கள் என்பது எந்தப் பாடசாலையில் எத்தனை காலம் படித்தாய் என்பதைப் பொறுத்தது. வேறு மாவட்டத்தில் சேர்வதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அந்தப் பகுதியை அம்மாவோடு இருந்து வாசி. இதைத் தெரியாமல் யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்கு என்று மாறிப்போய்ப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் எனக்கு எஸ், அதாவது ஆகக் குறைந்த சித்தி. பீடத்தில் படிப்பு முழுவதும் ஆங்கிலம். முதல் மாதம் விரிவுரையில் எனக்கு விளங்கிய ஒரே சொல் நெல்லின் விஞ்ஞானப் பெயர். அதுவும் இலத்தீன். தனியாக ஆங்கில வகுப்பு வைத்தார்கள், இரவில் நாலு பேர் சேர்ந்து ஒரு பக்கத்தை அகராதியோடு வாசித்தோம். ஒரு வருடம் கடினம், பிறகு பழகிவிடும்.

செலவு பற்றி அம்மா கேட்பார். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாதம் 7,500 ரூபாவாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். சாப்பாட்டுக்குக்கூட முழுதாகக் காணாது, ஆனால் ஒன்றும் இல்லாமல் இல்லை.

தட்டிவான் | புதன், இரவு 8.14

விடுதிக்கு அம்மா சம்மதிப்பதுதான் உண்மையான நுழைவுப் பரீட்சை. அதற்கு இசட் புள்ளி கிடையாது. விடுதிப் பொறுப்பாளரை அம்மாவே நேரில் போய்ப் பார்த்துக் கதைக்க வையுங்கள். என் தங்கைக்கு அப்படித்தான் நடந்தது.

வரம்போரம் | வியாழன், இரவு 9.20

சுருட்டி வைத்த துணியை இன்னும் பிரிக்கவில்லை, செவ்வாய்தான் ஒரு கிழமை. ஆனால் இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே மூன்றாவது சுருள் ஒன்று செய்திருக்கிறார்கள், கழுவாத பையில் கிடந்த நெல். நான் சொல்லவில்லை.

குடலைப்பருவம், அடுத்தது என்ன செய்யலாம்? சிறுபோகம் நடக்கிறது. செலவில்லாத ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.

குடலைப்பருவம் | வியாழன், இரவு 10.02

ஒரு துண்டு பி.வி.சி. குழாய். முப்பது சென்ரிமீற்றர் நீளம். கீழ்ப்பாதியில் சுற்றிவர ஓட்டை போட்டு, அந்தப் பாதியை வயலுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். மேலே தண்ணீர் வற்றினாலும் குழாய்க்குள் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். மண்ணின் மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்வரை நெல்லுக்கு ஒன்றும் ஆகாது, அதற்குப் பிறகு தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் காலத்தில் வற்ற விடக்கூடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை. பிள்ளை தினமும் பள்ளிக்கு வருமுன் ஓர் அடிமட்டத்தை இறக்கி அளந்து கொப்பியில் எழுதினால் அது ஆய்வுத் தரவு.

மூன்றாம் வாய்க்கால் | வெள்ளி, காலை 5.30

பிள்ளை, நீ நல்லாகச் சொல்கிறாய். ஆனால் தண்ணீர் என் கையில் இல்லை. சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். பிறகு வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். என் முறை வரும் அன்றைக்குக் குழாயில் பத்துச் சென்ரிமீற்றரில் தண்ணீர் நின்றாலும் நான் கட்டத்தான் வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறைவரைக்கும் காய வேண்டும். நான் வால்பக்கத்துக்காரன், மேலே உள்ளவர்கள் குடித்த மிச்சம்தான் எனக்கு. போதாததற்குக் கடல்நீரேரிப் பக்கம் என்பதால் காய்ந்தால் உவர் மேலே வரும். வரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். குழாய் வைக்கிற ஊரில் இதெல்லாம் இல்லைப் போல.

குடலைப்பருவம் | வெள்ளி, மதியம் 12.40

ஐயா, இதைத்தான் அந்த அறுபது வீடுகளில் நான் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

நீங்கள் சொல்வது சரி, தண்ணீர் விவசாயி கையில் இருக்கும் இடத்துக்குத்தான் அந்த முறை அப்படியே பொருந்தும். ஆனால் உங்கள் வாய்க்காலில் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது? தலைப்பக்கத்து வயலில் எவ்வளவு, வாலில் எவ்வளவு? ஒரே வாய்க்காலில் மேலே ஒரு பிள்ளையும் நடுவில் ஒன்றும் வாலில் உங்கள் மகனும் ஒரு போகம் முழுக்க அளந்தால், அடுத்த கூட்டத்தில் வால்பக்கம் காய்கிறது என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியை மேசையில் வைக்கலாம். உவரை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது, கிழமைக்கு ஒரு போத்தல் தண்ணீர் அனுப்பினால் நான் பார்த்துத் தருகிறேன். முடிவை நானே கொண்டுவந்து தருவேன். அதற்குத் தேத்தண்ணீர் தர வேண்டும்.

பனிமூட்டம் | சனி, அதிகாலை 2.10

வாசித்துக்கொண்டே இருக்கிறேன். டுரோன் கதையை விட்டுவிடுவோம். என்ன அனுப்பட்டும்?

வரம்போரம் | சனி, காலை 7.15

கோபிக்க மாட்டீர்கள் என்றால் சின்னதாகக் கேட்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகள் வருடத்தில் ஆறு முறை அறிவியல் நகருக்குப் போய்வர பஸ் காசு. சாதாரண பஸ், தனி வாகனம் வேண்டாம். நெல் இலையோடு வைத்துப் பச்சையைப் பார்க்கிற இலை நிற அட்டை பத்து. நாலு படிப் பச்சை இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் மட்டையைப் பார்த்தே யூரியா போட வேண்டுமா வேண்டாமா என்று சொல்லலாம். மிச்சம் இருந்தால் விடுதியில் நின்று விஞ்ஞானம் படிக்கப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு மாதக் கட்டணம், பதின்மூன்றாந்தரம் முடியும்வரை. நடுவில் நிறுத்துவதானால் தொடங்க வேண்டாம்.

பாடசாலையின் பெயர்ப்பலகையில் சங்கத்தின் பெயர் போட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டிவான் | சனி, காலை 7.40

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதத்தை மறந்துவிட்டீர்கள். ஆறு பயணத்துக்கும் ஒரே கடிதத்தில் திகதி போட்டுக் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டால் மூன்றாவதோடு ஆசை போய்விடும். பெற்றோர் கையொப்பமும் ஆறுக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

கச்சான்தோட்டம் | சனி, மாலை 6.30

அக்கா, அம்மா விடுதியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்பதாக மட்டும்தான். அன்றைக்கு எங்கள் கச்சான் மண்ணையும் கொண்டுவந்து தரலாமா? ஒரு மூலையில் மட்டும் செடி ஒவ்வொரு வருடமும் மஞ்சளாகிறது. யூரியாப் பையில் கட்ட மாட்டேன்.

குடலைப்பருவம் | சனி, இரவு 7.05

கொண்டு வா. மஞ்சளான மூலையில் ஒன்று, நல்ல இடத்தில் ஒன்று, இரண்டையும் கலக்காதே. புதிய பொலித்தீன் பை. பெயரைப் பேனையால் எழுதாதே, ஈரத்தில் ஊறிவிடும். கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதி, அந்தத் துண்டை இன்னொரு சின்னப் பைக்குள் வைத்து மண்ணோடு போடு. மஞ்சள் இலையும் நாலு பிடுங்கிக் கொண்டு வா, பழைய இலையா கொழுந்தா முதலில் மஞ்சளாகிறது என்று பார்த்து வை. அதிலேயே பாதி விடை இருக்கிறது.

மூன்றாம் வாய்க்கால் | ஞாயிறு, காலை 5.50

மகன் கேட்கச் சொல்கிறான். குழாய் எத்தனை அங்குலக் குழாய்? வீட்டில் கிணற்று வேலையில் மிஞ்சிய நாலு அங்குலத் துண்டு ஒன்று கிடக்கிறது.

குடலைப்பருவம் | ஞாயிறு, காலை 8.12

நாலு அங்குலம் சரி, ஐயா. ஓட்டையை ஆணியைச் சூடாக்கிக் குத்தச் சொல்லுங்கள்.